தெயூ தூங்கிய குளிர்காலம்

1

நாலடி நீளப் பல்லி ஒன்று என்னை ஏமாற்றிவிட்டது. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஒரு தடவை சிரித்து முடித்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சிரித்தாயிற்றா? இனி சொல்கிறேன்.

பிரேசிலின் தெற்கு மூலையில் இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து இந்த வாரத்தோடு நான்கு வருடம் நிறைகிறது. எழுபத்து நாலில் வந்தோம். தோல் பதனிட்டுச் செருப்பு தைக்கிற ஊர். பல்லாவரத்துத் தோல் ஷாப்பில் பதினைந்து வருடம் நாறியவன் என்பதால் என்னை இங்கே மாஸ்டராக அழைத்துக்கொண்டார்கள். நாற்றம் மாறவில்லை, பதவி மாறியது. கூட வந்தவர்கள் என் மனைவி மல்லிகாவும் அப்போது மூன்று வயதான மகள் வேதவல்லியும். மல்லிகா எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள், இப்போதும் மாமாதான். வேதா முதலில் நைனா என்றாள். பள்ளிக்கூடம் போன பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல 'பை' என்கிறாள். மளிகை தூக்குவதும் நான்தான் என்பதால் பொருத்தமாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன்.

நாலு வருடத்தில் இது மூன்றாவது வீடு. பிப்ரவரியில் குடிவந்தோம். வீட்டுக்காரர் ஓட்டோ, எழுபது தாண்டிய மனிதர், பின்கட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கு நெஞ்சுச் சளி. குளிர் தொடங்கியதும் வெயில் அடிக்கிற வடக்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் செப்டம்பரில் திரும்புவது என்று இந்த வருடம் டாக்டர் சொல்லிவிட்டார். அவரோடு வாழ்வது ஒரு தெயூ. ஆங்கிலப் புத்தகங்களில் டேகு என்று போட்டிருக்கும். நம் ஊர் உடும்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட உடம்பு, தடித்த தாடை, பிளந்த நாக்கு. விறகுக் கொட்டகைக்கு அடியில் வளை. பெயர் கர்னல்.

முதல்முறை கர்னலைப் பார்த்தபோது என் கண் தானாக அதன் வயிற்றை அளந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தையல்காரன் எதிரில் வருகிறவனின் தோள்பட்டையைப் பார்ப்பதில்லையா, அதுபோல. ஓட்டோ அதைக் கவனித்துவிட்டார். ஏப்ரல் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "இவன் எனக்கு மகன் மாதிரி. நான் வரும்போது இவன் இருக்க வேண்டும்," என்றார். பிறகு சாயம் ஏறிய என் கைவிரல்களை ஒரு நிமிஷம் பார்த்தார்.

எனக்கு ஓட்டோவின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்நியர் பதிவு அலுவலகத்தில் நிரந்தரச் சீட்டு கேட்டு மனுப் போட்டிருந்தோம். எங்களிடம் இருப்பது தற்காலிகச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. நிரந்தரச் சீட்டு இருந்தால் போகலாம், வரலாம். அதற்கு இந்த நாட்டுக்காரர் ஒருவர், 'இவர்களை எனக்குத் தெரியும், நல்லவர்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குடிவந்து மூன்று மாதம்தான் என்றாலும், எங்களை அவ்வளவு தெரிந்தவர் ஓட்டோ ஒருவர்தான்.

"இப்பவே போட்டுக் கொடுத்துவிடுங்களேன்," என்று கேட்டேன்.

"வந்ததும் போடுகிறேன்," என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் பல்லி, அப்புறம் கையெழுத்து.

2

நண்பகல் சங்கு ஊதினால் ஆலையிலிருந்து பத்து நிமிஷத்தில் வீடு. சாப்பிடும் முன் எனாமல் தட்டில் ஒரு முட்டை, ஒரு துண்டு பப்பாளி வைத்துக் கொட்டகை வாசலில் கரண்டியால் தட்டுவேன். உள்ளே சருகு நகரும். பிறகு கர்னல் வருவார். அவசரம் கிடையாது, தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற மாதிரி. முட்டையை நாக்கால் தடவிப் பார்ப்பார், என்னை ஒரு தடவை பார்ப்பார், விழுங்குவார். சமையலறை ஜன்னலிலிருந்து மல்லிகா கேட்பாள்:

"இன்னா மாமா, கழுகாரு வந்துட்டாரா?"

திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மலைக்கோயிலில் தினமும் உச்சி வேளைக்குக் கழுகு இரண்டு வரும். பண்டாரம் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு கூப்பிடுவார். அவை வந்து கொத்திவிட்டுப் போகும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருவார்கள். சில நாள் வராது. வராத நாளில் ஊர் சொல்கிற காரணம் ஒன்றே ஒன்றுதான்: கூட்டத்தில் எவனோ பாவி இருக்கிறான்.

எழுபதில் எனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம் ஆன மூன்றாம் நாள், மலையேறினோம். எனக்கு முப்பத்து நாலு வயது. இவ்வளவு முற்றிய மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தோமே என்ற கவலை மாமனார் முகத்தில் அப்படியே இருந்தது. கூட மல்லிகாவின் அண்ணன் ஏகாம்பரம், படாளத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பாறை காலைச் சுட்டது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பண்டாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனார். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

"எவனோ பாவி கீறான்யா கூட்டத்துல," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சீட்டுக் குலுக்கிப் பாத்துடலாமா?" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

விஷயம் என்னவென்றால், அன்று விடியற்காலை மாமல்லபுரத்துப் பக்கம் மீனவக் குப்பத்தில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போய், கல்யாண விருந்தென்று அவன் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருந்தேன். கைகழுவினேன், ஆனால் கருவாடு தண்ணீருக்கு மசிகிற சாதியா? வியர்வை ஆறாக ஓடியது. மாமனார் ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது மல்லிகா சட்டென்று எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "அப்பா, வெயிலு தாங்கல, கீழ எறங்கலாம்," என்றாள். படியிறங்கும்போது என் காதருகே சொன்னாள்: "சோப்பு போட்டுக் கழுவக் கூடாதா மாமா? நான் நின்ன எடம் வரிக்கும் அடிக்குது."

அன்று காப்பாற்றினாள். அதனால்தான் இந்த வருடம் நடந்தது எனக்கு இப்படி வலிக்கிறது.

3

மே மாதம். ஊரில் கத்திரி வெயிலில் தார் உருகும். இங்கே வாயைத் திறந்தால் புகை. கர்னல் முட்டையைப் பாதியில் விட்டார். மறுநாள் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். நாலாம் நாள் வரவே இல்லை.

தட்டினேன். எனாமல் உரியும்வரை தட்டினேன். பப்பாளியை மாற்றி வாழைப்பழம், முட்டையை மாற்றி மாட்டுக்கறிக் கொத்து. ஆலையிலிருந்து ஈரல் வாங்கி வந்தேன். வளை வாயில் சருகும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. எலி தோண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் கூடுதலாக நான் எதுவும் நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குளிர் என்றால் போர்வை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள் என்பது வரைதான் எனக்குத் தெரியும். நம் ஊரில் மார்கழி மாதம் பல்லி சுவரில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பேசுகிறதா? பேசுகிறது. அவ்வளவுதான் என் விலங்கியல்.

ஆலையில் விஷயம் பரவிவிட்டது. வேலியோரம் நின்று நான் பல்லியைக் கெஞ்சியதை அடுத்த வீட்டுக்காரி பார்த்து அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள்; அவன் எங்கள் சாயப் பிரிவில் வேலை செய்கிறவன். மறுநாள் காலை என் மேசையில் யாரோ ஒரு அளவு நாடாவை வைத்திருந்தார்கள்.

"இந்தியக்காரரே, பெல்ட்டா, பர்ஸா?" என்று ஒருவன் கேட்டான்.

"வயித்துப் பக்கம் எத்தனை அடி வந்தது?" என்றான் இன்னொருவன்.

சிரித்தேன். நகைச்சுவைக்காரன் அடுத்தவன் நகைச்சுவைக்குச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஓட்டோ வருவார். கர்னல் இருக்க மாட்டார். கொட்டகையின் பக்கத்தில் தோல் உரிக்கத் தெரிந்த ஒருவன் இருப்பான். எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் இதை இரண்டு நிமிஷத்தில் தீர்த்துவிடும். கையெழுத்து போச்சு, சீட்டு போச்சு, மூட்டை கட்டு.

வீட்டில் நான் புலம்பினால் கேட்பதற்கு இரண்டு பேர். ஒரு நாள் சாப்பாட்டின்போது வேதா, "பை, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"வேதா, பாலக் குடி," என்றாள் மல்லிகா.

குழந்தை பாலைக் குடித்தது. டம்ளருக்கு மேலே இரண்டு கண்கள் சிரித்தன. என் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, இந்த ஊர்க் குழந்தையாகிவிட்டது, அப்பன் கஷ்டம் அதற்கு எங்கே புரியப் போகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஜூன் போயிற்று. ஒவ்வொரு நாள் நண்பகலும் தட்டோடு போய் நின்றேன். மூடிய வளையின் முன்னால் நிற்க நிற்க, பாறை மேல் நின்ற அந்த நாள் கால் வழியாக ஏறியது. வேளைக்கு வருகிற பிராணி வரவில்லை. அப்படியென்றால் பாவி இருக்கிறான். "வேதா, நீ எதையாவது எறிஞ்சியா அது மேல?" என்று கேட்டேன். இல்லை. "மல்லிகா, சுடுதண்ணி கிடுதண்ணி கொட்டினியா அங்க?" என்றேன். ரசத்தைக் கிளறியபடியே, "நான் இன்னாத்துக்குக் கொட்டப் போறேன்?" என்றாள். அப்போது அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. கவனித்தேன், குளிரென்று நினைத்தேன்.

கூட்டம் மொத்தம் மூன்று பேர். இரண்டு பேர் இல்லை. நான் மூன்று வரை எண்ணத் தெரிந்தவன்தான்.

4

என்ன பாவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை, ஏகாம்பரம் மச்சான் இதைப் படிப்பார்.

மல்லிகா திருப்போரூரில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வகுப்புக்கு வெளியே நின்றால் அறுபது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். அந்தக் குரலை நான் இங்கே கொண்டுவந்து ஒரு சமையலறையில் வைத்துவிட்டேன். இங்கே அவள் கடையில் விரலைக் காட்டி வெங்காயம் வாங்குகிறவள். பகல் முழுக்க அவளோடு தமிழில் பேச ஆள் இல்லை. சாயங்காலம் நான் வந்தால் பேசுவாள், நான் பாதி கேட்பேன். மகளிடம் பேசினால் அவள் போர்த்துகீசில் பதில் சொல்வாள். சம்பளமில்லாத லீவில் வந்தவள் என்பதால் பள்ளிக்கூடத்தில் அவள் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

பொங்கல் கழிந்து மச்சானிடமிருந்து ஒரு கடிதம். நாங்கள் வீடு வீடாக மாறிக்கொண்டிருந்ததால் ஆலை விலாசத்துக்கு, என் பெயருக்கு வந்தது. 'மச்சான், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். இனிமேலும் இடத்தைக் காலியாக வைக்க முடியாதாம். ஜூனில் திறக்கும்போது மல்லிகா நேரில் வந்து சேர்ந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. மல்லிகாவிடம் சொல்லி உடனே பதில் போடவும்.'

மல்லிகாவிடம் சொல்லவில்லை. மடித்து ஆலையில் என் கருவிப் பெட்டிக்குள், கத்திகளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். சொன்னால் போவாள். தற்காலிகச் சீட்டில் போனால் திரும்பி வர முடியாது. குழந்தையும் அவளோடு போகும். நான் இந்தக் குளிரில் தோல் மூட்டைகளோடு உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளியதில் ஜூன் வந்தது. ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று கணக்குப் பார்த்த அன்று எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. இனிச் சொல்ல வேண்டியதே இல்லை என்ற நிம்மதி. அதுதான் கடிதத்தை ஒளித்ததைவிடக் கேவலம்.

5

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கடப்பாரையை எடுத்தேன். கொட்டகையின் பலகையைப் பெயர்த்து மண்ணைத் தோண்டினேன். இரண்டு முழம் போனதும் கறுப்பு வெள்ளைக் கட்டம் தெரிந்தது.

கர்னல் சுருண்டு கிடந்தார். தொட்டேன். நதிக்கல் மாதிரி சில்லென்று இருந்தார். தூக்கினேன், கால்கள் தொங்கின. கண் மூடியிருந்தது. மார்பில் காதை வைத்துக் கேட்டேன். ஆமாம், பல்லி நெஞ்சில் காதை வைத்தேன், எழுதிவிட்டேன், போகட்டும். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் என் மூளை எங்கெங்கே ஓடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதே அளவில் இன்னொன்று பிடித்து வைத்தால் ஓட்டோவுக்குத் தெரியுமா? கர்னலுக்கு இடது காதோரம் ஒரு வெள்ளைப் புள்ளி. சாயப் பிரிவில் புள்ளி வைக்க ஆள் உண்டு. இப்படியெல்லாம். பிறகு வெட்கம் வந்தது. கோணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், விறகடுப்பின் பக்கத்தில் கிடத்தினேன். ஒருவேளை சூடு பட்டால் உயிர் வருமோ என்று.

மல்லிகா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மாமா இது?"

"செத்துடுச்சி மல்லிகா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு மலைல கழுகு வரல. இன்னிக்கு இது. ரெண்டுத்துக்கும் பாவி நான்தான்."

"கருவாடா?"

"இல்ல."

"பின்ன இன்னா பாவம் பண்ண?"

"ஒரு லெட்டர் வந்துச்சி. உங்கண்ணன் போட்டது. உன் வேலயப் பத்தி. ஜூனுக்குள்ள வரச்சொல்லி. நான் உங்கிட்ட குடுக்கல."

மாவு பிசைகிற கை நிற்கவில்லை. "எங்க கீது?"

"ஷாப்புல. என் பெட்டில."

"எத்தினி நாளா?"

"ஒரு அஞ்சு மாசம் இருக்கும்."

"அஞ்சு மாசம், பன்னெண்டு நாளு," என்றாள்.

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் மாவைப் பார்த்தாள்.

"அண்ணன் எனக்கு எழுதிட்டாரு. இந்த வூட்டு விலாசத்துக்கு. மொதல் லெட்டரு இன்னா தேதில போட்டேன், ஏன் பதிலு இல்ல, எடம் போயிடுச்சேன்னு. வந்து மூணு வாரம் ஆவுது."

"மூணு வாரமா? ஒரு வார்த்த கேக்கலயே நீ."

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல அத்த எடுத்த எடத்துல கொண்டும்போய் வை. அது சாவல, தூங்குது. அடுப்பாண்ட போட்டு எழுப்பினின்னா நெஜமாவே செத்துரும்."

"தூங்குதா? ரெண்டு மாசமாவா?"

"செப்டம்பரு வரிக்கும் தூங்கும். துன்னாது, தண்ணி குடிக்காது. வால்ல கீற கொழுப்பு அதுக்குப் போதும். ஓட்டோ தாத்தா ஊருக்குப் போறதுக்கு மொத நாளு, தூங்கிக் காட்டி, விரல்ல மாசத்த எண்ணிக் காட்டி, அர மணி நேரம் நின்னு சொன்னாரே. நீ ஷாப்புக்குப் போயிருந்த."

"தெரிஞ்சிகினேவா என்ன இந்தப் பாடு படுத்தின? எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

கோணியின் முனையை இழுத்துக் கர்னலின் காலை மூடினேன்.

"மே மாசம் தமாஷுக்குத்தான் சொல்லல," என்றாள். "எத்தினி தபா என்ன ஏமாத்திக் கீற நீ, ஒரு தபா நீயும் படட்டும்னு. அப்புறம் அண்ணன் லெட்டரு வந்துச்சி. நீ பாவி யாரு, பாவி யாருன்னு வூடெல்லாம் தேடிகினு இருந்த. சரி, நீ எப்ப கண்டுபிடிக்கிறேன்னு பாக்கலாம்னு வுட்டுட்டேன்."

வாசலில் வேதா நின்றிருந்தாள்.

"ஒனக்கும் தெரியுமா?" என்றேன்.

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும், பை."

நாலடிப் பல்லியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்கு நடந்தேன். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும். அளவு நாடா வைத்தவனுக்கும் தெரிந்திருக்கும். இந்த ஊரில் பால்காரன் மாட்டுக்கும்கூடத் தெரியும்போல. ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. பல்லி தூங்கியது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விழித்திருந்தவர்கள் எல்லோரும் கூடி என்னை ஏமாற்றினார்கள். நியாயமாக யோசித்தால் எனக்குக் கோபப்படும் உரிமையே கிடையாது. ஆனால் நியாயமாக யோசித்தா மனிதனுக்குக் கோபம் வருகிறது? குழியில் கிடத்திச் சருகைப் போட்டு மண்ணைத் தள்ளும்போது கர்னல் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த வீட்டில் அன்று எனக்குக் கிடைத்த ஒரே அனுதாபம் அது.

6

மல்லிகா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பேன். அவள் சாதாரணமாக இருந்தாள். சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். சாயங்காலம் மட்டும், முன்னே என்னோடு பேசுகிற அந்த ஒரு மணி நேரம், மகளின் முதல் வகுப்புப் பாடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு போர்த்துகீசு படித்தாள். டீச்சர் படித்தால் எப்படி இருக்கும்? கோடு போட்ட நோட்டு, சிவப்பு மை, தப்புக்குத் தானே சுழி. பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். தமிழில் பேச ஆள் இருந்தும் பேச்சு இல்லாமல் இருப்பது எப்படியென்று எனக்கு அந்த இரண்டு மாதத்தில் தெரிந்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு வெயில் நாளில் கர்னல் மெலிந்து, மண் பூசிக்கொண்டு வெளியே வந்து படுத்தார். பத்து நாள் கழித்து ஓட்டோ வந்தார். நான் பயத்தோடு போய் நின்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டிச் சிரித்தார், சளி தெறிக்கச் சிரித்தார். "உன் மனைவி எல்லாவற்றையும் எழுதினாள். தோண்டினாயாமே! நெஞ்சில் காது வைத்தாயாமே!" மல்லிகா போர்த்துகீசில் கடிதம் எழுதியிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்ததையும் எழுதியிருக்கிறாள். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். கடிதத்தில் இரண்டே இரண்டு பிழைதான் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார், அவள் ஏதோ அவர் மகள் மாதிரி.

போன திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போனோம். ஆறு புகைப்படம், நாலு நகல், ரத்தப் பிரிவு, ஓட்டோவின் தாள். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். என் தாளில் தொழில் என்ற இடத்தில் தோல் மாஸ்டர் என்று அடித்தாள். மல்லிகாவின் தாளைச் செருகி, கேட்காமலே 'இல்லத்தரசி' என்று அடிக்க விரலை வைத்தாள்.

"இல்லை," என்றாள் மல்லிகா, போர்த்துகீசில். "ஆசிரியை."

அலுவலகம் முழுக்கக் கேட்டது. திருப்போரூர் குரல். நாலு வருடமாக நான் கேட்காத குரல்.

"எந்தப் பள்ளி?" என்றாள் அந்த அம்மாள்.

"இப்போது பள்ளி இல்லை. ஜூன் வரை இருந்தது."

"ஜூனில் என்ன ஆயிற்று?"

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு மாமா. ஒனக்குத்தான் நல்லாத் தெரியும்."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. எனக்குத் தெரிந்த போர்த்துகீசில் தோலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் முழுநாள் பேசலாம். இதற்கு வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது. கடிதம். வந்தது. அவளுக்கு. வேலைக்கு. நான். ஒளித்தேன். சொல்லி முடித்தபோது வரிசையில் இருந்த ஒருவர் இருமினார். இதை எப்படியாவது வேடிக்கையாக முடித்துவிடலாமென்று ஒரு வாக்கியம் தேடினேன். அந்த மொழியில் எனக்கு அது கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைத்திருக்காது.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'ஆசிரியை' என்று அடித்தாள். மல்லிகாவின் தாளிலும் குழந்தையின் தாளிலும் முத்திரை குத்தினாள். என் தாளை எடுத்து, படித்து, ஒரு புகைப்படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி ஓரமாக வைத்தாள். புதுப் புகைப்படத்தோடு வர வேண்டுமாம். அடுத்த வாரமோ, அதற்கடுத்த வாரமோ.

தெருவுக்கு வந்ததும் மல்லிகா தன் சீட்டை வெயிலில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உதடு அசைந்தது.

"டிசம்பர்ல வேதாவுக்குப் பெரிய லீவு," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயி அந்த ஹெட்மாஸ்டரப் பாக்கறோம். அந்த எடம் இல்லன்னா திருக்கழுக்குன்றத்துல, செங்கல்பட்டுல எங்கனா எடம் கீதான்னு கேக்கறோம்."

"நான்?"

"ஒனக்கு இன்னும் சீட்டு வரலயே மாமா."

கொஞ்ச தூரம் நடந்தோம். கேட்கக் கூடாதென்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

"போனா திரும்பி வருவியா?"

அவள் நின்று, சீட்டை மறுபடி பிரித்து, கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"வரலாம்னுதான் இதுல போட்டுகீது," என்றாள்.